க்யூவுல நிக்காம வாங்கின க்யூ

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தர் வந்து, "அண்ணே, நீங்க பில்லியர்ட்ஸ் எல்லாம் ஆடுவீங்களாமே. சொந்தமா ஒரு க்யூ வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கறது?"ன்னு கேட்டார். அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். மதியச் சாப்பாடு முடிஞ்சு, மூணு மணி மீட்டிங்குக்கு ஆள் வந்து கூப்பிடற வரைக்கும் பேசிட்டிருந்திருக்கேன். அதுக்கப்புறம் தம்பி நான் நிக்கற நேரத்துல காபி மெஷின் பக்கமே வர்றதில்லை. சரி, அவர் தப்பிச்சுட்டார். நீங்க மாட்டினீங்க மக்களே :-)

ரெண்டு விளக்கம் சொல்லிட்டு ஆரம்பிச்சுடறேன்.

ஒண்ணு, அமெரிக்காவுல தெருவுக்குத் தெரு இருக்கற, ஆறு பாக்கெட் வச்ச மேசையில பதினஞ்சு கலர் பந்தும் ஒரு வெள்ளைப் பந்தும் வச்சு ஆடற ஆட்டம் இருக்கே, அதோட பேரை அப்படியே தமிழ்ல எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நாலு பேர் குடும்பத்தோட படிக்கிற இடம். அதனால பதிவு முழுக்க பில்லியர்ட்ஸ்னே எழுதறேன். ரெண்டாவது, க்யூன்னா ரேஷன் கடை வரிசை இல்லை, பந்தை இடிக்கிற குச்சி. "க்யூ வாங்கணும்"னு முதல் தடவை வீட்ல சொன்னப்ப தங்கமணி, "க்யூல நின்னு என்ன வாங்கப் போறீங்க?"ன்னுதான் கேட்டாங்க. விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவங்களுக்கு அது 'குச்சி'தான்.

2004 நவம்பர்ல ஒஹாயோ மாநிலத்துல கொலம்பஸ் ஊர்ல வந்து இறங்கினேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும். வெளிய பனி. அறையில நாலு பேர், ஒரு டிவி, ஒரு ரைஸ் குக்கர். ரெண்டு வாரத்துல பைத்தியம் பிடிக்கிற நிலைமை. அப்பதான் கூட இருந்த ஹைதராபாத் பையன் பக்கத்து பில்லியர்ட்ஸ் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனான். ஸ்நூக்கர் பொறந்தது 1875-ல ஜபல்பூர்லன்னும், அதுக்கு விதிமுறை எழுதி வச்சது 1882-ல ஊட்டி க்ளப்லன்னும் சொல்வாங்க. ஆனா நான் ஊட்டிக்குப் போனது காலேஜ் டூர்ல, பாத்தது பொட்டானிக்கல் கார்டனும் வர்க்கியும்தான். குச்சியைக் கையில பிடிச்சதே கொலம்பஸ்லதான். சின்ன வயசுல ஆடின கேரம்போர்டு புண்ணியத்துல எந்தக் கோணத்துல இடிச்சா எங்க போகும்னு மட்டும் கொஞ்சம் பிடிபட்டுச்சு. அவ்ளோதான், ஒட்டிக்கிச்சு.

ஹால்ல சுவத்துல மாட்டி வச்சிருப்பாங்க பாருங்க பொதுக் குச்சி, அதுல ஒரு பிரச்சனை உண்டு. ஒண்ணு வளைஞ்சிருக்கும், இன்னொண்ணுல நுனித்தோல் தேஞ்சு மொட்டையா இருக்கும். நேத்து நல்லா இருந்தது இன்னிக்குக் காணாமப் போயிருக்கும். பந்து தப்பாப் போனா தப்பு நம்ம கையிலயா குச்சியிலயான்னே தெரியாது. ஆட்டம் கத்துக்கறவனுக்கு இதை விடக் கெடுதல் வேற இல்லை. சொந்தக் குச்சி வாங்கினா உடனே நல்லா ஆடுவோம்னு அர்த்தமில்லை. ஆனா தப்பு நடந்தா அது நம்ம தப்புன்னு உறுதியாத் தெரிஞ்சுடும். சொந்தக் குச்சியோட முதல் லாபமே அதுதான் :-)

எனக்கு இந்த விஷயத்துல கிறுக்கு கொஞ்சம் அதிகமானதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்கப்பா கடைசல் ஆசாரி. அம்பாசமுத்திரத்துல வீட்டுக்குப் பின்னாடியே பட்டறை. நீங்கள்லாம் குத்தாலம் சீசனுக்குப் போனா பிள்ளைங்களுக்குச் செப்புச் சாமான் வாங்குவீங்களே, குட்டி அம்மி, குட்டிக் குடம், பம்பரம், அதுல பாதி எங்க தெருவுல கடைஞ்சதாத்தான் இருக்கும். தாத்தா காலத்துல ஒருத்தர் கயிறு இழுக்க ஒருத்தர் கடைவாங்களாம். அப்பா காலத்துல மோட்டார் வந்துடுச்சு. மரம் சுத்தச் சுத்த அரக்குக் குச்சியை வச்சு அழுத்துவார். அந்தச் சூட்டுல அரக்கு உருகி மரத்துல ஏறும். அப்புறம் தாழம்மடலை வச்சுத் தேச்சா கண்ணாடி மாதிரி மின்னும். நான் உளியைத் தொட்டா மட்டும், "ஏலே, போய்ப் படி"ன்னு ஒரு அதட்டல் வரும். படிச்சேன். பெட்டி தட்டற வேலைக்கு வந்தேன். ஆனா கடைஞ்ச மரம் எதைப் பாத்தாலும் கை தானாப் போய்த் தடவிப் பாக்கும்.

சரி, குச்சிக்கு வருவோம். கொஞ்சம் உடற்கூறு தெரிஞ்சுக்கணும்.

சாதாரணமா 58 அங்குல நீளம், 19 அவுன்ஸ் எடை, அதாவது அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நடுவுல மறை போட்டு ரெண்டாக் கழட்டலாம். முன்பாதிக்குப் பேரு ஷாஃப்ட். மேப்பிள் மரம். பான்கேக் மேல பாகு ஊத்தித் தர்றாங்களே, அந்தப் பாகு வடியற அதே மரம்தான். குளிர் தேசத்துல மெதுவா வளர்ற மரம்ங்கறதால வளையங்கள் நெருக்கமா இருக்கும், வளைஞ்சு கொடுத்துத் திரும்ப நிமிரும். நுனி சுமார் 13 மில்லிமீட்டர். அதுல ஒரு வெள்ளைப் பூண், பூண் மேல தோல். பந்தைத் தொடறது அந்தத் தோல் மட்டும்தான். ஷாஃப்ட் நுனியிலேர்ந்து எவ்வளவு தூரம் ஒரே பருமனாப் போய் அப்புறம் எப்படித் தடிக்குதுங்கறதுக்கு டேப்பர்னு பேரு. அது ஒவ்வொரு தச்சருக்கும் ஒவ்வொரு மாதிரி. ஆட்டத்துக்கு உண்மையிலேயே முக்கியம் தோல், ஷாஃப்ட், டேப்பர், நடு ஜாயிண்ட் இந்த நாலும்தான். பின்பாதியில இருக்கற பூ வேலை, முத்துச்சிப்பி, வெள்ளிக் கம்பி எல்லாம் கண்ணுக்கு.

காசு மட்டும் கண்ணுக்குத்தான் போகுது.

ஏன்னு கேட்டா, இதுல பெரிய பேருங்க சில இருக்கு. ஜார்ஜ் பலபுஷ்கான்னு ஒருத்தர், ரஷ்யாவுல பொறந்து சின்ன வயசுல 1924-ல அமெரிக்கா வந்தவர். மரவேலைக்காரர், பிள்ளைங்களுக்கு மர பொம்மை செஞ்சவர். 1959-லேர்ந்து 1975-ல சாகிற வரைக்கும் ஆயிரத்துச் சொச்சம் க்யூதான் செஞ்சிருக்கார். பல க்யூவுக்கு பின்பாதியை முழுசாக் கூட அவர் ஒட்டலை. பிரன்ஸ்விக் கம்பெனி ஹால்களுக்குப் போட்ட டைட்டிலிஸ்ட்ங்கற சாதா ஒத்தைக் குச்சியை வாங்கி, அறுத்து, ஜாயிண்ட் வச்சு, திரும்பக் கடைஞ்சு கொடுத்திருக்கார். இன்னிக்கு அதெல்லாம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போற கலெக்‌ஷன் சரக்கு. 1986-ல மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த 'தி கலர் ஆஃப் மணி' படத்துல பால் நியூமன், டாம் க்ரூஸ்கிட்ட ஒரு பலபுஷ்காவைக் கொடுப்பார். அது நிஜ பலபுஷ்கா கிடையாது, ஜாஸ் கம்பெனி க்யூ. நிஜத்தைக் கையில கொடுத்து டாம் க்ரூஸைச் சுத்தச் சொன்னா யாருக்குத்தான் நெஞ்சு தாங்கும்.

உயிரோட இருக்கற பிரபல தச்சருங்ககிட்ட போனா பல வருஷம் க்யூவுல (இது நம்ம ரேஷன் க்யூ) நிக்கணும். அதுக்கு எனக்குக் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. இன்னொரு பக்கம் கம்பெனிச் சரக்கு. நூத்தம்பது, இருநூறு டாலருக்கு நல்லதாவே கிடைக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆசை, ஒருத்தர் கையால எனக்குன்னு கடைஞ்சதா இருக்கணும்னு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி உண்டு. பேரு தெரியாத தச்சர்கள். வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆனவங்க, சனி ஞாயிறுல கராஜ்ல லேத் ஓட்டறவங்க. வருஷத்துக்குப் பத்து இருவது க்யூ செய்வாங்க. நானூறு ஐநூறு டாலர்.

இங்கதான் நான் முதல்ல ஒரு தடவை நல்லா மாட்டினேன். 2006-ல ஒரு தச்சர், வேற மாநிலம். பேரு வேண்டாம். போட்டோவெல்லாம் பாத்தா வாயில ஈ போறது தெரியாது. இருநூறு டாலர் முன்பணம் அனுப்பினேன். "ஆறு மாசம்"னார். ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா, "பாலீஷ் காயுது." எட்டு மாசத்துல முதுகு வலி. பத்து மாசத்துல லேத் ரிப்பேர். ஒரு வருஷத்துல போனே எடுக்கலை. இருநூறு டாலர் அம்போ. வீட்ல அந்தக் கணக்கை எப்படிச் சொன்னேங்கறது தனிப் பதிவு.

அந்தச் சோகத்துல இருந்தப்ப ஹால்ல நுனித்தோல் மாத்திக் கொடுக்கற ரிப்பேர்காரர் ஒருத்தர்கிட்ட புலம்பினேன். அவர் சொன்னதுதான் இந்த விஷயத்துல நான் கத்துக்கிட்ட உருப்படியான பாடம். "நீ க்யூ விக்கறவன்கிட்ட கேட்டே. ரிப்பேர் பண்றவன்கிட்ட கேட்டிருக்கணும். எல்லார் க்யூவும் என் லேத்துல ஏறுது. எவன் பசை விட்டுப் போகும், எவன் ஜாயிண்ட் கோணல், எவன் வேலை பத்து வருஷம் ஆனாலும் அசையாதுன்னு எனக்குத் தெரியும்"னார். சொல்லிட்டு ஒரு துண்டுச் சீட்டுல போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். ஒண்ணரை மணி நேரம் கார் ஓட்டினா வர்ற சின்ன ஊர்.

2008 மார்ச்ல ஒரு சனிக்கிழமை போனேன். பெரியவருக்கு எழுபது இருக்கும். தொழிற்சாலையில அச்சு வார்ப்பு செய்யற வேலையில முப்பத்தஞ்சு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். கராஜ் கதவைத் திறந்தார் பாருங்க, அந்த மரத்தூள் வாசனை. ஒரு நிமிஷம் நான் அம்பையில நின்னேன்.

சுவர் ஓரமா கூரையிலேர்ந்து நூத்துக்கணக்குல ஷாஃப்ட் தொங்குது, பல்லி வால் மாதிரி. ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல தேதி. விளக்கினார். மேப்பிள் கட்டையை ஒரே மூச்சுல கடைஞ்சா உள்ள இருக்கற இறுக்கம் விட்டுப் போய் பின்னாடி வளைஞ்சுடும். அதனால கொஞ்சம் கடைய வேண்டியது, தொங்க விட வேண்டியது. சில வாரம் கழிச்சு இன்னும் கொஞ்சம். இப்படி எட்டு பத்து தடவை, ஒரு வருஷத்துக்கு மேல. நடுவுல வளைஞ்சது எல்லாம் கழிவு. "கழிச்சதை என்ன செய்வீங்க?"ன்னு கேட்டேன். ஜன்னல் வழியா தோட்டத்தைக் காட்டினார். தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல்! உலகத்துலயே பர்ஃபெக்ட் டேப்பரோட தக்காளிச் செடி வளர்றது அங்க மட்டும்தான் இருக்கும்.

"என்ன மாதிரி வேணும்?"னார். நான் படத்துல பாத்த பூ வேலை எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "உன் பட்ஜெட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். ஸ்னீக்கி பீட் வாங்கிக்கோ"ன்னார்.

ஸ்னீக்கி பீட்னா என்னன்னா, பாக்கறதுக்கு ஹால்ல மாட்டியிருக்கற பொதுக் குச்சி மாதிரியே இருக்கும். ஆனா நடுவுல வெளிய தெரியாம ஜாயிண்ட், நல்ல ஷாஃப்ட். பந்தயம் கட்டி ஆடற ஆசாமிங்க, "நமக்கு என்ன தெரியும், சுவத்துல இருந்த குச்சி"ன்னு அப்பாவி மாதிரி எடுத்து வந்து எதிராளி பாக்கெட்டைக் காலி பண்ண உபயோகிச்சதா சொல்வாங்க. அலங்காரம் சுத்தமாக் கிடையாது. முன்னாடி மேப்பிள், பின்னாடி கறுப்பு மரம், ரெண்டையும் ஆப்பு ஆப்பா அறுத்து, ரெண்டு கை விரலைக் கோத்த மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி ஒட்டியிருக்கும். நீளமான நாலு கூர்முனை தெரியும். அழகே அதுதான், ஆனா அது அழகுக்காகச் செஞ்சதில்லை. ஒட்டற பரப்பு அதிகமானா பிடிப்பு அதிகம். ஷாஃப்ட்டுக்கு அவர் படற பாடு, ஐயாயிரம் டாலர் க்யூவுக்கும் இதுக்கும் ஒண்ணுதான். அதனால சின்னத் தச்சர்கிட்ட போறவங்களுக்கு இதுதான் காசுக்கு ஏத்த சரக்கு.

பின்பாதிக்கு ரோஸ்வுட். விலை 450 டாலர். முன்பணம் கேட்கலை. "முடிஞ்சதும் வந்து பாரு, பிடிச்சா காசு கொடு"ன்னார்.

இந்த இடத்துல நான் ஒரு காரியம் பண்ணேன். பேரம் பேசினேன். முந்தின ஆள்கிட்ட இருநூறு விட்ட எரிச்சல், அதோட நம்ம ஊர்ப் பழக்கம். "அலங்காரமே இல்லையே, கொஞ்சம் பாத்துப் போடுங்க. உங்க பேரு வெளிய யாருக்கும் தெரியாது, திரும்ப வித்தா பாதி கூட வராது. நானூறு?"ன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "சரி, நானூறு"ன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். வர்ற வழி பூரா கார்ல இளையராஜா.

எட்டு மாசம் ஆச்சு. நவம்பர்ல கூப்பிட்டார். போய் மேசையில உருட்டிப் பாத்தேன். உருட்டிப் பாக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல ஷாஃப்ட் தனியா, அப்புறம் பின்பாதி தனியா, அப்புறம் சேத்து. தனித்தனியா நேரா உருண்டு, சேத்தா குதிச்சுதுன்னா ஜாயிண்ட் முகம் சரியா வெட்டலைன்னு அர்த்தம். இது மூணு தடவையும் தண்ணி மாதிரி உருண்டுச்சு. ஒரு பந்தை மெதுவாத் தட்டினேன். 'டொக்'னு ஒரு சத்தம், அது அப்படியே கையில வந்து இறங்கிச்சு. அதை எழுத்துல சொல்லத் தெரியலை. நல்ல மிருதங்கத்துல 'தொம்' விழுந்தா உக்காந்திருக்கற திண்ணையில தெரியுமே, அந்த மாதிரி. நானூறைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

2010-ல அப்பாவும் அம்மாவும் கொலம்பஸ் வந்தாங்க, பையன் பொறந்ததுக்கு. அம்மாவுக்குப் பேரன் இருந்தான், பொழுது போச்சு. அப்பாவுக்குத்தான் ஒண்ணும் ஓடலை. ஜன்னல்கிட்டயே நிப்பார். ஒருநாள் ஆபீஸ்லேர்ந்து வந்தா, மனுஷன் என் க்யூவைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ஒத்தைக் கண்ணை மூடி நீளவாக்குல பாத்தார். நகத்தால தட்டிக் காதுகிட்ட வச்சுக் கேட்டார். ஒட்டு இருக்கற இடத்தைக் கட்டை விரலால தடவித் தடவிப் பாத்தார், எங்கயாவது தட்டுதான்னு. தட்டலை. பின்பாதியை மோந்து பாத்துட்டு, "ஏ, இது நம்ம ஈட்டில்லா!"ன்னார். ஈட்டி, தோதகத்தின்னு நம்ம ஊர்ல சொல்ற மரம்தான் வெளிநாட்டுல இந்தியன் ரோஸ்வுட். ரெண்டு வருஷமா கையில வச்சுக்கிட்டு ஆடிட்டிருக்கேன், எனக்குத் தோணவே இல்லை.

"யாரு கடைஞ்சது?"ன்னார்.

"இங்க ஒரு பெரியவர் இருக்காருப்பா."

"வேலை தெரிஞ்சவன். ஒரு எடத்துல உளி நடுங்கல. எம்புட்டு கொடுத்த?"

"நானூறு டாலர்."

மனசுக்குள்ள பெருக்கிப் பாத்தார். அப்ப டாலர் நாப்பத்தஞ்சு ரூபா பக்கம். பதினெட்டாயிரம். அவர் பட்டறையில மாசம் பூரா நின்னாலும் அதுல பாதி கையில நிக்காது. "ஒரு குச்சிக்கா?"ன்னு கேப்பார்னு நினைச்சு, பெருமையா முந்திக்கிட்டேன். "நானூத்தம்பது சொன்னாருப்பா. நான் பேசி அம்பது குறைச்சேன்."

அப்பா குச்சியை மடியிலேர்ந்து எடுத்து மேசை மேல வச்சார்.

"ஏம்ல கொறச்ச? வேல சரியில்லன்னா?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. "எல்லாரும் பேசறதுதானேப்பா"ன்னேன்.

"ஆமா. எல்லாரும்தான் பேசுவான்"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போயிட்டார்.

அவ்வளவுதான் பேச்சு. கத்தலை, திட்டலை. எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. சின்ன வயசுல குத்தாலத்துலேர்ந்து கடைக்காரங்க வீட்டுக்கு வந்து உக்காருவாங்க. "ஆசாரியாரே, ரெண்டு ரூவா பம்பரத்துல என்னவே இருக்கு, மரத்துண்டுதானே, ஒண்ணரைக்குப் போடும்"பாங்க. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியில துடைப்பார். துடைச்சு முடிக்கிற வரைக்கும் பேச மாட்டார். அப்புறம், "சரி அண்ணாச்சி, எடுத்துக்கிடுங்க"ன்னுவார். கராஜ்ல அந்தப் பெரியவர் கண்ணாடி துடைச்சப்ப எனக்கு எதுவுமே ஞாபகம் வரலை பாருங்க. இருபது வருஷம் பக்கத்துல நின்னு பாத்தவன்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அப்பாவுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எஸ், நோ, குட். பெரியவருக்குத் தமிழ் சுத்தம். நான் மொழிபெயர்க்கலாம்னு போனா, ரெண்டு பேருக்கும் என் ஞாபகமே இல்லை. அப்பா தொங்கற ஷாஃப்ட்ல ஒண்ணைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார், வேண்டாம்னு. பெரியவர் அதை எடுத்து லேத்துல மாட்டிச் சுத்த விட்டார். நுனி லேசா அலைஞ்சுது. பெரியவர் சிரிச்சுக்கிட்டே அதைக் கழட்டி தக்காளிக் கட்டோட போட்டார். அப்புறம் அப்பா கையில உளியைக் கொடுத்தார். ஏதோ ஒரு கழிவு மேப்பிள் துண்டுல அப்பா ஒரு பம்பரம் கடைஞ்சார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆணி அடிச்சு, கயிறு சுத்தி, அந்த சிமெண்டு தரையில விட்டார். அது நின்னு தூங்குச்சு. பெரியவர் தரையில குந்தி உக்காந்து அது சாயற வரைக்கும் பாத்தார்.

கிளம்பறப்ப நான் அம்பது டாலரை நீட்டினேன், அன்னிக்குக் குறைச்சதுன்னு. வாங்க மாட்டேன்னுட்டார். "பேசி முடிச்ச விலை முடிச்சதுதான்"னார். அப்புறம் நான் ரெண்டாவது ஷாஃப்ட் ஒண்ணு சொன்னேன், 150 டாலர்னார், பேசாமக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லணும்னா அதுல அந்த அம்பது ஈடாகலை. ஈடானதா நான் நினைச்சுக்கலாம், அவ்வளவுதான்.

தம்பி மாதிரி வாங்க நினைக்கறவங்களுக்கு நான் கண்டதைச் சுருக்கமாச் சொல்லிடறேன்:

1. ரிப்பேர்காரர்கிட்ட விசாரிங்க. புது க்யூ எல்லாமே அழகுதான். அந்தத் தச்சர் செஞ்ச அஞ்சு, பத்து வருஷப் பழைய க்யூ ஒண்ணை உருட்டிப் பாருங்க.

2. முன்பணம் முழுசாக் கொடுக்காதீங்க. முன்பணமே கேக்காத ஆளுங்களும் உண்டு.

3. ஜாயிண்ட் மறை பரவலா இருக்கற அளவா இருக்கட்டும். முக்கால்வாசி ரிப்பேர்காரங்களுக்குத் தெரிஞ்ச எட்டில் மூணு அங்குலம், அங்குலத்துக்குப் பத்து மறைங்கற அளவு போதும். தச்சர் நாளைக்கே தொழிலை விட்டாலும் வேற ஒருத்தர் ஷாஃப்ட் செஞ்சு தருவார்.

4. ஷாஃப்ட் கட்டை எத்தனை நாள் தொங்கிச்சு, எத்தனை தடவை கடைஞ்சதுன்னு கேளுங்க. பதில் சொல்ல ஆர்வமா இருக்கறவர்தான் நம்ம ஆள்.

5. முதல் க்யூவுக்கு அலங்காரம் வேண்டாம். பழைய க்யூ வாங்கறதுன்னா தந்தம் வச்சது பக்கமே போகாதீங்க, நாடு விட்டு நாடு எடுத்துட்டுப் போகறப்ப பெரிய வம்பு.

6. திரும்ப வித்தா லாபம் வரும்னு வாங்காதீங்க. பேரு தெரியாத தச்சர் க்யூவுக்கு மறுவிலை கம்மிதான், அதுல நான் அன்னிக்குச் சொன்னது பொய்யில்லை. ஆடறதுக்கு வாங்குங்க.

7. கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் ஏன் வாங்கலைன்னு கேப்பீங்க. நல்ல சரக்குதான், வளையவே வளையாது. இப்ப போட்டியில ஆடறவங்க நிறையப் பேர் அதுக்கு மாறிட்டாங்க. ஆனா பிரபல கம்பெனியோட கார்பன் ஷாஃப்ட் ஒண்ணோட விலையே, நான் என் முழு க்யூவுக்குக் கொடுத்ததை விட அதிகம்.

8. விலை ஒத்து வரலைன்னா வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க. கம்பெனிக் கடையில தாராளமாப் பேரம் பேசுங்க. ஒத்தை ஆளா லேத் முன்னாடி நிக்கறவர்கிட்ட, வேலை சரியா இருந்தா, பேசாதீங்க.

பெரியவர் 2014-ல கண் சரியாத் தெரியலைன்னு லேத்தை நிறுத்திட்டார். அப்பா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பட்டறையைப் பூட்டிட்டார். க்யூ இன்னும் நேராத்தான் உருளுது. நுனித்தோல் மட்டும் ஏழு எட்டு தடவை மாத்தியாச்சு. பந்து இப்பவும் தப்பாத்தான் போகுது, தப்பு யார்தேன்னு தெரியும் :-)

கொசுறு: அந்தப் பம்பரத்தைப் பெரியவர் கொடுக்கவே இல்லை. லேத் மேல இருக்கற பலகையில வச்சிருந்தார். வீட்ல தங்கமணி இன்னமும், "அந்த நானூறு டாலர் குச்சியால ஒரு ஒட்டடையாவது அடிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் இருக்காங்க.